பேலன்ஸ் சக்கரத்தைத் துறந்த முதல் கைக்கடிகாரம்

கைக்கடிகாரத்தின் இருபதாம் நூற்றாண்டு வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தேதியில் வந்து நிற்கிறார்கள்: 1969 டிசம்பர் 25. அன்று டோக்கியோவில் சீக்கோ நிறுவனம் குவார்ட்ஸ் ஆஸ்ட்ரான் என்ற வாட்சை விற்பனைக்கு வைத்தது. விலை 4,50,000 யென். மாதத்துக்கு ஐந்து விநாடிக்கு மேல் பிசகாது என்ற உத்தரவாதமும் இருந்தது. அதற்கு முன்பு சுருள்வில்லும் பல்சக்கரமும், அதற்குப் பின்பு படிகமும் மின்சுற்றும் என்று அந்த நாளை வைத்து வரலாற்றை இரண்டாகப் பிளந்துவிடுகிறார்கள். அந்தப் பிளவுக்கு ஒன்பது ஆண்டுகள் முன்னதாகவே, டிக்டிக் என்று ஒலிக்காமல் ரீங்காரமிடும் ஒரு வாட்ச் நியூயார்க்கில் விற்பனைக்கு வந்திருந்தது. உள்ளே ஓர் இசைக்கவை அதிர்ந்துகொண்டிருந்த புலோவா நிறுவனத்தின் அக்யூட்ரான் அது. வரலாற்று நூல்களில் அதற்குக் கிடைப்பது ஒரு பத்தி, சிலவற்றில் ஒரு வரி. பழையதும் அல்லாத, புதியதும் அல்லாத இடைக்கால ஏற்பாடு என்று சொல்லிவிட்டுக் கடந்து போகிறார்கள். இந்தத் தீர்ப்பு தவறு என்பது என் வாதம். கைக்கடிகாரம் தன் அடிப்படைத் தத்துவத்தை மாற்றிக்கொண்டது 1960 அக்டோபர் 25 அன்று, அக்யூட்ரான் அறிவிக்கப்பட்டபோது. 1969இல் நடந்தது அந்தத் தத்துவத்துக்குள்ளேயே நிகழ்ந்த ஒரு பெரிய முன்னேற்றம்.

இதை விளக்க, வாட்சுக்குள் இருக்கும் இரண்டு வேலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, முள்ளை ஓட்டும் சக்தியைத் தருவது. மற்றது, அந்த ஓட்டத்தைச் சம அளவான துண்டுகளாக நறுக்குவது. சாவி கொடுத்தால் இறுகும் சுருள்வில் முதல் வேலையைச் செய்கிறது. முன்னும் பின்னுமாக ஆடும் பேலன்ஸ் சக்கரமும் அதோடு பிணைந்த மெல்லிய ஹேர் ஸ்பிரிங்கும் இரண்டாவதைச் செய்கின்றன. 1675இல் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் ஹேர் ஸ்பிரிங்கை முன்வைத்ததிலிருந்து ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் இந்த ஜோடியை யாரும் அசைக்கவில்லை. வழக்கமான கைக்கடிகாரத்தில் அது விநாடிக்கு ஐந்து முறை தட்டும். எண்ணெய் கெட்டியானால் அதன் ஆட்டம் குறுகும். கையை வீசினால் தடுமாறும், படுக்க வைத்தால் ஒரு வேகம், நிறுத்தி வைத்தால் இன்னொரு வேகம் காட்டும். அது தட்டும் ஒவ்வொரு முறையும் பல்சக்கரத் தொடர் வந்து இடிக்கிறது. அந்த இடி இல்லாவிட்டால் ஆட்டம் நின்றுவிடும்; இடிப்பதால் ஆட்டத்தின் சீர் கெடுகிறது. இத்தனை இடையூறுகளுக்கு நடுவில் பேலன்ஸ் சக்கரத்தைச் சரியாக ஓட வைத்தது சுவிஸ் கைவினைஞர்களின் பெரும் சாதனை. அதைக் குறைத்துச் சொல்ல எந்தக் காரணமும் இல்லை. ஆனால் அது ஒவ்வொரு வாட்சுக்கும் தனித்தனியே, கைத்திறனால் பெற வேண்டிய சாதனையாகவே கடைசிவரை இருந்தது.

மின்சாரம் முதலில் வாட்சுக்குள் நுழைந்தபோது இந்த இரண்டாவது வேலையின் பக்கமே அது போகவில்லை. 1952 மார்ச்சில் அமெரிக்காவின் எல்ஜினும் பிரான்சின் லிப்பும் பேட்டரியில் ஓடும் கைக்கடிகாரத்தின் மாதிரிகளை அறிவித்தன. கடைக்கு முதலில் வந்தது 1957 ஜனவரியில் பென்சில்வேனியாவின் ஹாமில்டன் நிறுவனம் வெளியிட்ட எலெக்ட்ரிக் 500. சாவி கொடுக்க வேண்டியதில்லை என்பது அன்றைக்குப் பெரிய புதுமைதான். ஆனால் அதைத் திறந்து பார்த்தால் பேலன்ஸ் சக்கரமும் ஹேர் ஸ்பிரிங்கும் வழக்கமான இடத்திலேயே இருந்தன. சுருள்வில் இருந்த இடத்தில் பேட்டரி வந்திருந்தது, அவ்வளவுதான். போதாக்குறைக்கு, சக்கரம் ஆடும்போது தொட்டுத் தொட்டு விலகும் நுண்ணிய மின்தொடர்பு முனைகள் சேர்ந்திருந்தன. அவை தேய்ந்தன, கரிந்தன, வளைந்தன. காலக் கணிப்பில் பழைய குறைகள் அப்படியே இருக்க, பழுதுகளின் பட்டியல்தான் நீண்டது.

எல்ஜின்-லிப் அறிவிப்பு வந்ததும் புலோவாவின் தலைவர் ஆர்ட் புலோவா, சுவிட்சர்லாந்தின் பீல் நகரத்துத் தொழிற்சாலையில் இருந்த மாக்ஸ் ஹெட்செலிடம் கருத்துக் கேட்டார். ஹெட்செல் வாட்ச் தொழிலில் வளர்ந்தவர் அல்ல. சூரிச் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த மின் பொறியாளர். அவருடைய பதில் கறாராக இருந்தது: பேலன்ஸ் சக்கரத்தை வைத்துக்கொண்டு பேட்டரியை மட்டும் சேர்ப்பதால் துல்லியம் கூடாது. நேரத்தை அளக்கும் உறுப்பையே மாற்ற வேண்டும், அதுவும் தொடர்பு முனைகள் இல்லாமல். பிரச்சினை எந்த இரண்டாவது வேலையில் இருக்கிறதோ அதன்மேல் அவர் கைவைத்தார். அன்று வாட்ச் உலகில் பெயர்பெற்ற பலர் முதல் வேலையைச் சுற்றியே யோசித்துக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால், இந்தப் பதிலின் தெளிவு வியக்க வைக்கிறது.

இசைக்கவை அவருடைய கண்டுபிடிப்பு அல்ல. 1711இல் ஜான் ஷோர் என்ற ஆங்கிலேய எக்காளக் கலைஞர் சுருதி சேர்க்க உருவாக்கியது அது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இயற்பியல் ஆய்வுக்கூடங்களில் நுண்ணிய கால அளவைக்கு அது கருவியானது. 1919இல் இங்கிலாந்தின் எக்கிள்ஸ் வெற்றிடக் குழாய்களைக் கொண்டு இசைக்கவையைத் தொடர்ந்து அதிர வைத்தார். 1920களில் அமெரிக்கத் தொலைபேசி ஆய்வாளர்கள் அதையே அதிர்வெண்ணின் அளவுகோலாக வைத்திருந்தார்கள். ஆகவே, அதிரும் கவையால் நேரத்தை அளக்கலாம் என்பது தெரிந்த சங்கதி. தெரியாதது, அதை மணிக்கட்டில் கட்டுவது எப்படி என்பது. வெற்றிடக் குழாய் சூடாகும், மின்சாரத்தைக் குடிக்கும், ஒற்றைக் குழாயே வாட்சைவிடப் பெரியது. 1947 இறுதியில் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த டிரான்சிஸ்டர் இந்தக் கதவைத் திறந்தது. 1953இல் ரேதியான் நிறுவனத்தின் சிகே722 என்ற டிரான்சிஸ்டர் யாரும் காசு கொடுத்து வாங்கக்கூடிய பொருளானது. அதை வைத்துத்தான் ஹெட்செல் தன் முதல் மாதிரியை இயக்கினார். அதே ஆண்டு சுவிட்சர்லாந்தில் காப்புரிமைக்கும் விண்ணப்பித்தார். டிரான்சிஸ்டர் ரேடியோவே இன்னும் கடைக்கு வந்திராத காலம் அது.

அந்த வாட்சுக்குள் நடப்பதை அருகில் சென்று பார்த்தால்தான் இந்த மாற்றத்தின் ஆழம் புரியும். எஃகுபோன்ற, சூட்டுக்கும் குளிருக்கும் விறைப்பு மாறாத ஓர் உலோகக் கலவையால் ஆன சிறிய கவை. அதன் இரு கைகளின் நுனியிலும் கிண்ணம்போன்ற ஒவ்வொரு காந்தம். காந்தத்துக்குள் நுழைந்தபடி, கவையைத் தொடாமல், ஒவ்வொரு கம்பிச்சுருள். சுருளின் கம்பி 0.015 மில்லிமீட்டர் தடிமன். தலைமுடியைவிட மிக மெல்லியது. ஒரு சுருளுக்கு 8,000 சுற்று, ஏறத்தாழ 80 மீட்டர் கம்பி. கவை விநாடிக்கு 360 முறை அதிர்கிறது. காந்தம் அசையும்போது உணர்வுச் சுருளில் ஒரு சிறு மின்னழுத்தம் எழுகிறது. ஊஞ்சலில் இருப்பவரை எந்தக் கணத்தில் தள்ளினால் ஆட்டம் கெடாமல் தொடரும் என்பதை ஊஞ்சலே சொல்வதுபோல, அந்த மின்னழுத்தமே டிரான்சிஸ்டரைத் திறந்து, சரியான கணத்தில் ஒரு துளி மின்சாரத்தை ஓட்டுச் சுருளுக்கு அனுப்புகிறது. தொடர்பு முனை இல்லை. உரசலும் தேய்மானமும் இல்லை. இத்தனைக்கும் அது எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் சுமார் 6 மைக்ரோ ஆம்பியர். 1.35 வோல்ட் தரும் ஒரு பாதரசச் செல் ஓராண்டு ஓடியது.

கவை ஏன், ஒற்றைத் தகடு போதாதா என்று கேட்கலாம். ஒற்றைத் தகடு அதிர்ந்தால் அதைப் பிடித்திருக்கும் தளமும் சேர்ந்து அதிரும், சக்தி அங்கே கசிந்துவிடும். கவையின் இரு கைகளும் எதிரெதிராக விலகிச் சேர்வதால் ஒன்றின் தள்ளலை மற்றது சமன்செய்கிறது, அடித்தண்டு ஏறக்குறைய அசையாமல் நிற்கிறது. கை வீசினாலும் மேசையில் இடித்தாலும் அந்த மெதுவான அசைவுகள் விநாடிக்கு 360 முறை அதிரும் ஒன்றைப் பெரிதாகக் குழப்புவதில்லை. பேலன்ஸ் சக்கரத்தின் அதிர்வெண் 2.5 ஹெர்ட்ஸ், கவையுடையது அதைப்போல் 144 மடங்கு. ஒரே பாய்ச்சலில் இவ்வளவு தூரம் தாண்டிய மாற்றம் அதற்கு முந்தைய கைக்கடிகார வரலாற்றில் இல்லை.

அடுத்த சிக்கல், இந்த அதிர்வை எண்ணி முள்ளாக்குவது. கவையின் ஒரு கையில் நுண்ணிய மணிக்கல் நுனி கொண்ட ஒரு விரல் பொருத்தப்பட்டிருக்கிறது. அது ஒவ்வோர் அதிர்விலும் ஒரு சக்கரத்தை ஒரு பல் தள்ளும். அந்தச் சக்கரத்தின் விட்டம் 2.4 மில்லிமீட்டர், அதில் 300 பற்கள். பல்லுக்கும் பல்லுக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு. நாளொன்றுக்கு 3 கோடியே 11 லட்சத்துக்கும் மேற்பட்ட அதிர்வுகள். அத்தனையையும் அந்தச் சக்கரம் எண்ண வேண்டும். ஒரு தடவை ஒன்றுக்குப் பதில் இரண்டு பல் நகர்ந்தாலும் கணக்கு கெடும். இங்கேதான் ஹெட்செலின் மிக அழகான யோசனை இருக்கிறது. சட்டத்தில் நிலையாகப் பொருத்தப்பட்ட இரண்டாவது விரல் ஒன்றை, முதல் விரலிலிருந்து அரைப்பல் தள்ளி வைத்தார். இந்த ஏற்பாட்டில் கவையின் வீச்சு ஒரு பல்லுக்கு மேலும் மூன்று பல்லுக்குக் கீழும் எந்த அளவில் இருந்தாலும், சக்கரம் நகர்வது சரியாக ஒரு பல். வீச்சு கூடினாலும் குறைந்தாலும் எண்ணிக்கை பிசகாது. வீச்சைக் கட்டுக்குள் வைக்கும் பொறுப்பும் மின்சுற்றினுடையதே. கவை அதிகமாக வீசினால் சுருளில் எழும் எதிர்மின்னழுத்தம் பேட்டரியின் அழுத்தத்தை நெருங்கி, உள்ளே வரும் மின்சாரம் தானாகவே குறையும். பழைய வாட்சில் கைவினைஞர் மணிக்கணக்கில் செய்துகொண்டிருந்த சரிக்கட்டலை இங்கே மின்சுற்று விநாடிக்கு 360 முறை செய்தது.

பீலில் செய்த மாதிரிகள் நன்றாக ஓடின. ஆனால் ஒரு மாதிரி ஓடுவதும் லட்சக்கணக்கில் செய்வதும் வெவ்வேறு காரியங்கள். அந்த இரண்டாவது காரியத்தை நியூயார்க்கில் வில்லியம் பென்னட் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஏற்றார். 300 பல் கொண்ட சக்கரத்தைத் தொழிற்சாலையில் வெட்டும் வழியை அவர் நிறுவியிருக்காவிட்டால், ஹெட்செலின் காப்புரிமை காகிதமாகவே கிடந்திருக்கும். 1960இல் 175 டாலரிலிருந்து விலை தொடங்கிய 214 என்ற முதல் அக்யூட்ரானில், பக்கவாட்டுத் திருகு இல்லை. சாவி கொடுக்க வேண்டாம் என்பதைக் கண்ணுக்கே காட்டவேண்டி, நேரம் திருத்தும் பிடியைப் பின்மூடிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். முகப்புத் தகட்டை எடுத்துவிட்டுக் கவையும் பச்சை நிறச் சுருள்களும் தெரியும்படி கடைக்காரர்களுக்கு மாதிரிக்காகத் தந்த வாட்சுகளை வாடிக்கையாளர்கள் விலைக்குக் கேட்டார்கள். ஸ்பேஸ்வியூ என்ற பெயரில் அதுவே பின்னர் மிகவும் புகழ்பெற்ற வடிவமானது.

என் வாதத்துக்கு மிக முக்கியமான சான்று அந்த வாட்சோடு வந்த எழுத்து உத்தரவாதம்: மாதத்துக்கு ஒரு நிமிடத்துக்குள், அதாவது நாளுக்கு இரண்டு விநாடிக்குள். இது ஒன்றும் பிரமாதமில்லை, நல்ல சுவிஸ் குரோனோமீட்டர்களும் அந்த அளவுக்கு ஓடின என்று மறுப்பவர்கள் உண்டு. ஓடின, உண்மைதான். ஆனால் அவை தேர்ந்தெடுக்கப்பட்டு, கைதேர்ந்த ஒருவரால் தனித்தனியே சரிசெய்யப்பட்டு, பல நாள் சோதனைக்குப் பிறகு சான்றிதழ் பெற்றவை. அந்தச் சான்றிதழும் சோதனைக் கூடத்தில் அந்த வாட்ச் எப்படி ஓடியது என்பதற்குத்தான். வாங்கியவரின் மணிக்கட்டில் எப்படி ஓடும் என்பதற்கு அல்ல. அக்யூட்ரான் விஷயத்தில் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த ஒவ்வொன்றுக்கும், அதைக் கட்டிக்கொண்டு நடமாடும் நிலையில், ஒரே வாக்குறுதி தரப்பட்டது. துல்லியம் கைவினைஞரின் விரலிலிருந்து பொருளின் இயல்புக்கு இடம்பெயர்ந்த தருணம் இது. குவார்ட்ஸ் வாட்சின் புரட்சி என்று நாம் சொல்வதன் சாரம் இந்த இடப்பெயர்வுதான் என்றால், அது நிகழ்ந்த ஆண்டு 1960.

துல்லியம் கட்டாயமாக இருந்த இடங்கள் இதை உடனே கண்டுகொண்டன. அமெரிக்க ரயில்வே ஊழியர்கள் பணி நேரத்தில் கட்டிக்கொள்ள அனுமதி கிடைத்தது. ஜெமினி, அப்பல்லோ விண்கலங்களின் கருவிப் பலகைகளில் அக்யூட்ரான் கடிகாரங்கள் இருந்தன. அப்பல்லோ 11 சந்திரனில் விட்டுவந்த ஆய்வுக் கருவியிலும் இந்த வகை நேரக்கருவி ஒன்று உண்டு. அதிபர் ஜான்சன் வெளிநாட்டுத் தலைவர்களுக்கு அக்யூட்ரானைப் பரிசளித்தார். இவை புலோவாவின் விளம்பரத்துக்கு நன்கு உதவின என்பதால் இவற்றுக்கு அதிக எடை கொடுக்க வேண்டியதில்லை.

என் வாதத்துக்கு வரக்கூடிய வலுவான ஆட்சேபம் வேறொன்று. கவை மின்னணுவால் அதிர்ந்தாலும், அதிர்வை எண்ணியது ஒரு விரலும் ஒரு பல்சக்கரமும்தானே? அப்படியானால் இது பாதி இயந்திரம். எண்ணும் வேலையையும் மின்சுற்றே எடுத்துக்கொண்ட குவார்ட்ஸ்தான் முழு மின்னணு வாட்ச். இந்த ஆட்சேபத்தில் ஓர் உண்மை இருக்கிறது, ஆனால் அது நிரூபிக்க வேண்டியதை நிரூபிப்பதில்லை. சுவிஸ் நிறுவனங்கள் கூட்டாக உருவாக்கி 1970இல் பாசல் கண்காட்சியில் வைத்த பீட்டா 21 என்ற குவார்ட்ஸ் வாட்சை எடுத்துக்கொள்வோம். அதன் படிகம் விநாடிக்கு 8,192 முறை அதிரும். மின்சுற்று அதைப் பகுத்துப் பகுத்து 256க்குக் கொண்டுவரும். பிறகு? அந்த 256 துடிப்புகள் ஓர் அதிர்வு மோட்டாரை ஆட்ட, அது ஒரு விரலால் நுண்பல் சக்கரத்தைத் தள்ளியது. சுவிட்சர்லாந்தின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரமே முள்ளை நகர்த்த இசைக்கவை வாட்சின் வழியைத்தான் நாடியது. புலோவாவே 1970களில் செய்த அக்யூகுவார்ட்ஸில் 32,768 ஹெர்ட்ஸ் படிகத்தின் துடிப்பை 96ஆல் வகுத்து, விநாடிக்கு 341⅓ முறை ஓர் இசைக்கவையை ஆட்டினார்கள். அதில் படிகம் முதலாளி, கவை வேலைக்காரன். பீட்டா 21ஐக் குவார்ட்ஸ் வாட்ச் என்று ஒப்புக்கொள்கிறவர்கள், பல்சக்கரம் எண்ணுகிறது என்ற காரணத்தைக் காட்டி அக்யூட்ரானை மட்டும் வெளியே தள்ள முடியாது.

இன்னொரு ஆட்சேபம் வரலாற்றுத் தொடர்ச்சி பற்றியது. குவார்ட்ஸ் கடிகாரம் 1927இலேயே பெல் ஆய்வுக்கூடத்தில் மாரிசனால் உருவாக்கப்பட்டது. சீக்கோவின் சுவா தொழிற்சாலை 59ஏ என்ற பெயரில் தன் ஆய்வை 1959இலேயே, அக்யூட்ரான் வருவதற்கு முன்பே, தொடங்கிவிட்டது. ஆகவே இசைக்கவை வாட்ச் இல்லாவிட்டாலும் குவார்ட்ஸ் வாட்ச் வந்திருக்கும். இதை நான் ஏற்கிறேன். ஆஸ்ட்ரானின் தந்தை அக்யூட்ரான் என்று சொல்வது மிகை. ஆஸ்ட்ரானின் முள்ளை விநாடிக்கு ஒரு முறை நகர்த்திய படிமோட்டாரின் வேர் பிரெஞ்சுப் பொறியாளர் மாரியுஸ் லவேயின் 1930களின் காப்புரிமையில் இருக்கிறது. துடிப்பைப் பகுக்கும் மின்சுற்றும் வேறொரு துறையின் கொடை. இவை எதிலும் ஹெட்செலுக்குப் பங்கில்லை. ஆனால் முன்னோடி என்பதற்குத் தந்தை என்று மட்டும் பொருள் கொள்ள வேண்டியதில்லை. 1964இல் சீக்கோவின் குவார்ட்ஸ் கருவி கையில் தூக்கிச் செல்லும் பெட்டி அளவில் இருந்தபோது, டிரான்சிஸ்டரும் நாணய அளவு செல்லும் கொண்ட மின்னணு வாட்ச் நான்கு ஆண்டுகளாக மக்களின் மணிக்கட்டில் வியர்வையிலும் மழையிலும் ஓடிக்கொண்டிருந்தது. சில மைக்ரோ ஆம்பியரில் ஓர் அதிர்வை ஓராண்டு காக்க முடியும் என்பது அப்போது ஒரு கருதுகோள் அல்ல, கடையில் கிடைக்கும் பொருள்.

சுவிட்சர்லாந்தில் அது என்ன விளைவை உண்டாக்கியது என்பதற்கு நேரடிச் சான்றே இருக்கிறது. 1962இல் நூஷாட்டல் நகரில் சுவிஸ் நிறுவனங்கள் சேர்ந்து மின்னணுக் கடிகார மையம் ஒன்றைத் தொடங்கின. ஒருவரோடொருவர் போட்டியிட்ட நிறுவனங்கள் பணத்தைச் சேர்த்து ஒரே ஆய்வுக்கூடம் நடத்தும்படி தூண்டியது அக்யூட்ரான் தந்த அதிர்ச்சிதான். அந்த மையத்திலிருந்து 1967இல் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகார மாதிரிகள் வந்தன. பீட்டா 21உம் அதே மையத்தின் குழந்தை. ஜப்பான் குவார்ட்ஸைக் கொண்டுவரும்வரை சுவிஸ்காரர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்ற கதை நம் காலத்தில் நிர்வாகவியல் பாடப் புத்தகங்கள்வரை ஏறிவிட்டது. ஆபத்தை அவர்கள் ஏழாண்டு முன்பே உணர்ந்து, ஆய்வும் செய்து, மாதிரியும் முடித்திருந்தார்கள். ஆய்வுக்கூடத்தில் வென்றதைத் தொழிற்சாலையில் மலிவாகச் செய்து குவிக்க முடியாமல் போனதே அவர்களுடைய தோல்வி. அக்யூட்ரானை வரலாற்றிலிருந்து நீக்கினால் இந்த வேறுபாடும் மறைந்து, ஒரு தேசத்தின் உழைப்பு சோம்பலாகச் சித்திரிக்கப்பட்டுவிடுகிறது. இடைக்கால ஏற்பாடு என்ற சொல்லாடலை நான் எதிர்ப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வணிகத்தில் அது நிலைக்கவில்லையே என்பார்கள். 1960இலிருந்து 1977வரை நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட அக்யூட்ரான்கள் செய்யப்பட்டன. அது தோல்வியின் எண்ணிக்கை அல்ல. இருந்தாலும் புலோவா தன் காப்புரிமையை இறுக்கிப் பிடித்திருந்ததால், பிற நிறுவனங்களுக்கு இந்த வழி நெடுநாள் அடைபட்டிருந்தது. மாஸ்கோவின் இரண்டாவது வாட்ச் தொழிற்சாலை காப்புரிமையைப் பொருட்படுத்தாமல் 1960களின் தொடக்கத்தில் ஸ்லாவா டிரான்சிஸ்டர் என்று ஒரு நகலைச் செய்தது. சுவிஸ் எபோஷ் நிறுவனம் புலோவாவின் உரிமத்தோடு 300 ஹெர்ட்ஸ் கவையை வெளியிட்டபோது 1960களே முடியப்போகின்றன. அதை வடிவமைத்தவரும் புலோவாவை விட்டு சுவிட்சர்லாந்துக்குத் திரும்பிவிட்ட அதே ஹெட்செல்தான். ஒமேகா, லாஞ்சின்ஸ், டிசோ, செர்டினா என்று பல பெயர்களில் அது விற்றது. ஜப்பானில் சிட்டிசன் நிறுவனம் புலோவாவோடு கூட்டுச் சேர்ந்து ஹைசோனிக்கை வெளியிட்டது. வாய்ப்பு பரவலானபோது குவார்ட்ஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தது. பத்தாண்டு முன்பே உரிமத்தைத் திறந்துவிட்டிருந்தால் இசைக்கவை வாட்சின் ஆயுள் கூடியிருக்கலாம். ஆனால் முடிவு மாறியிருக்காது என்றே நினைக்கிறேன். ஏனென்றால் அந்த முடிவைத் தீர்மானித்தது வணிகமல்ல, உலோகம்.

உலோகக் கவைக்குள் இரண்டு தடைகள் இருந்தன. முதலாவது புவியீர்ப்பு. கவையின் நுனிகள் தரையைப் பார்த்திருக்கும்போது அது ஊசல்போலச் சற்று விரைந்தும், வானத்தைப் பார்த்திருக்கும்போது சற்றுத் தாமதித்தும் அதிரும். நாளுக்குச் சில விநாடி வேறுபாடு வரும். சுவிஸ் கவையில் எதிர்எடைகளைச் சேர்த்து ஹெட்செல் இதை வெகுவாகக் குறைத்தார். இரண்டாவது தடை கடினமானது. துல்லியத்தைக் கூட்ட அதிர்வெண்ணைக் கூட்ட வேண்டும். கூட்டினால் உலோகத்துக்குள்ளேயே விரயமாகும் சக்தி கூடும், எண்ணும் சக்கரத்தின் சுமையும் கூடும். 1973இல் ஒமேகா வெளியிட்ட மெகாசோனிக் 720 ஹெர்ட்ஸில் ஓடியது. அதுவும் ஹெட்செலின் வேலைதான், மிக நுட்பமான வேலை. அந்தப் பாதையின் எல்லையும் அதுவாகவே இருந்தது. அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் யூர்கன் ஸ்டாடே என்ற பொறியாளர், மின்சுற்றுகளைப் பொறிக்கும் ஒளிப்படிவ முறையில் மெல்லிய குவார்ட்ஸ் தகடுகளிலிருந்து நுண்ணிய உறுப்புகளை ஒரே சமயத்தில் நூற்றுக்கணக்கில் வெட்டியெடுக்கும் வழியைக் கண்டிருந்தார். விநாடிக்கு 32,768 முறை அதிரும் அந்த உறுப்பின் வடிவம், இசைக்கவை. சிறிய உருவத்தில் குறைந்த அதிர்வெண்ணைப் பெறவும், பிடிமானத்தின் வழியே சக்தி கசியாமல் இருக்கவும் ஹெட்செல் எந்த வடிவத்தை நாடினாரோ, அதே காரணங்களுக்காகப் படிகத்துக்கும் அதே வடிவம் தேவைப்பட்டது. இன்று நம் கடைவீதிகளில் விற்கும் சாதாரண குவார்ட்ஸ் வாட்சுகளைப் பிரித்தால், நெல்மணியைவிடச் சிறிய உலோகக் குப்பிக்குள் இப்படியொரு படிகக் கவை அதிர்ந்துகொண்டிருக்கும். ஹெட்செலின் கவை போனது, கவை போகவில்லை.

இப்போது மிஞ்சியிருக்கும் அக்யூட்ரான்களைப் பழுதுபார்ப்பவர்கள் எதிர்கொள்ளும் சிக்கலே மேலே சொன்ன இயங்குமுறைக்கு உயிருள்ள சாட்சி. பாதரசச் செல்களை 1990களில் அமெரிக்கா உள்ளிட்ட பல நாடுகள் தடைசெய்தன. சுற்றுச்சூழலை எண்ணிச் செய்த சரியான தடை. பதிலுக்குக் கிடைக்கும் சில்வர் ஆக்ஸைடு செல் 1.55 வோல்ட் தருகிறது. கவையின் வீச்சை நிர்ணயிப்பது பேட்டரியின் அழுத்தம்தான் என்பதால், வீச்சு ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு கூடிவிடும். விரல்கள் நுண்ணோக்கியின் கீழ் மிகச் சரியாகப் பொருத்தப்பட்டிருந்தால் ஓர் அதிர்வுக்கு ஒரு பல் என்ற கணக்கு தாங்கும். கொஞ்சம் விலகியிருந்தாலும் சக்கரம் இடையிடையே கூடுதல் பற்களைத் தாண்டி, வாட்ச் நாளுக்குப் பல நிமிடம் முந்திப் போகும். விவரம் அறிந்தவர்கள் விரல்களின் அழுத்தத்தைப் புதிய வோல்ட்டுக்கு ஏற்பத் திருத்துகிறார்கள், அல்லது மின்னழுத்தத்தைக் குறைக்கும் ஒரு சிறு டையோடைச் செல்லோடு சேர்க்கிறார்கள். சுருளின் கம்பி அறுந்தாலோ 300 பல் சக்கரத்தில் ஒரு பல் உதிர்ந்தாலோ, இன்னொரு வாட்சிலிருந்து எடுத்துத்தான் போட வேண்டியிருக்கிறது.